குடும்பத்தில் வேறு யாருக்காவது

வல்லக்கோட்டை
14-6-1978

அன்புத் தங்கை கங்காவுக்கு லீலா எழுதுவது. பெங்களூர்க் குளிர் உன் தொண்டைக்கு இப்போதாவது ஒத்துக்கொண்டதா? இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் மணிமங்கலம் போய் நைனாவைப் பார்த்து வந்தேன். முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை. உன் நிச்சயதார்த்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். படப்பைச் சம்பந்தம் கிடைத்ததில் அவருக்கு வயது குறைந்த மாதிரி இருக்கிறது.

பாபுவை நானும் உன் மாமாவும் மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். ஐந்து வயது முடிந்தும் தானாக ஒரு பேச்சு இல்லை. நாம் கேட்டதையே திருப்பிச் சொல்கிறான். தொட்டால் உதறுகிறான் என்று சொன்னேன். டாக்டர் அவனைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு என்னை அரை மணி நேரம் கேள்வி கேட்டார். "இந்தக் குழந்தை வேணும்னு ஆசைப்பட்டுத்தான் பெத்தியாம்மா? பால் குடுக்கறப்போ அவன் முகத்தைப் பார்ப்பியா?" என்றார். நாற்று நடுகிற நாளில் வரப்பில் உட்கார்ந்து பால் கொடுத்தவள் முகத்தைப் பார்த்தேனா, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தேனா, எனக்கு எப்படி நினைவிருக்கும்? அவர் உன் மாமாவிடம் திரும்பி, "இதுக்குப் பேர் ஆட்டிசம். தாயோட அரவணைப்பு கிடைக்காத குழந்தைங்க இப்படி ஆயிடும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் மாமா அதைத் தன் அம்மாவிடம் சொன்னார். அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தனே, இவ கல்லு மாரி கீறான்னு. இவ மடியில எந்தப் புள்ள ஒட்டும்? குடு இங்க, நான் வளத்துக்கறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவன் அத்தையோடுதான் படுக்கிறான். அவன் கத்துகிற சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. நான் போகக்கூடாது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
லீலா


பெங்களூர்
28-6-1978

என் உயிர் அக்காவுக்கு கங்கா வணக்கத்தோடு எழுதுகிறேன். நான் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு நீ நலமா என்று கேட்கவே கூசுகிறது.

அக்கா, அந்த டாக்டர் சொன்னதை நம்பாதே. நான் டைப்பிஸ்டாக இருப்பது குழந்தைகள் பிரிவில் என்று உனக்குத் தெரியும். எங்கள் டாக்டரம்மாவிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். அவர்கள் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார்கள். போன வருஷம் லண்டனில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த ஆட்டிசம் இருந்தால், சில ஜோடிகளில் மற்றவருக்கும் இருந்ததாம். தனித்தனிக் கருவாக வந்த இரட்டையரில் ஒரு ஜோடியில்கூட அப்படி இல்லையாம். எந்த வகை ஜோடியானாலும் இருவரையும் வளர்த்தது ஒரே தாய்தானே! "பாசம் இல்லாததாலே வர்ற விஷயம்னா ரெண்டு வகைக்கும் ஒரே மாதிரி வரணும். இது கருவிலேயே வர்றது. அந்த அம்மா அவனைத் தொடறதுக்கு முன்னாடியே வந்துட்டது" என்றார்கள். இன்னும் முழுசாக நிரூபணம் ஆகவில்லை, ஆனால் உன்மேல் பழி போட ஒரு நியாயமும் இல்லை என்றும் சொன்னார்கள். மாமாவுக்குத் தானே கடிதம் எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டும். அதில் ஒரு கேள்வி: 'தாய்வழியிலோ தந்தைவழியிலோ குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?'

எனக்கு நம் கோதண்டம் அண்ணன் ஞாபகம் வந்தது. திருத்தணிக் குளத்தில் அண்ணன் மூழ்கிப்போனபோது எனக்கு ஐந்து வயது. அதிகம் நினைவில்லை. ஆனால் அண்ணனும் கேட்டதையே திருப்பிச் சொல்லும், இல்லையா? வண்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே நிற்குமே? நீ பெரியவள். உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். உடனே எழுது.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். பாபுவுக்கு முத்தம் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. ஒரு கைதட்டல்.

கங்கா


வல்லக்கோட்டை
3-8-1978

அன்புள்ள கங்காவுக்கு, நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு முருகனை வேண்டுகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது. சொர்ணவாரி நெல் அறுப்பு வேலை.

உனக்கு வரும் தை 25 முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சுப்பிரமணிக்கு பெங்களூர்த் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று படப்பையிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார்கள். நீ வேலையை விட வேண்டியதில்லை. இதைவிட நல்ல இடம் நமக்கு அமையாது.

இங்கே வருகிற கடிதங்களை என் கொழுந்தன் எல்லப்பன்தான் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறான். உன் கடிதம் வந்த அன்று அவன் வயலில் இருந்தான். இனிமேல் கவனமாக எழுது.

நீ கேட்ட படிவத்தில், நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று எழுதிக்கொள்.

லீலா


பெங்களூர்
20-8-1978

அன்பு அக்காவுக்கு வணக்கம். நலம், நலமே விழைகிறேன்.

கோதண்டம் அண்ணனைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இறந்துபோனவர்களையும் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். தாயின் கூடப்பிறந்தவருக்கு இருந்தது என்றால் அது உனக்குச் சாட்சி மாதிரி, அக்கா. உன்மேல் தப்பில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஏன் மறைக்கிறாய்? செத்துப்போன அண்ணனால் யாருக்கு என்ன கெடுதல்?

பதிலுக்குக் காத்திருக்கும்
கங்கா


வல்லக்கோட்டை
30-10-1978

கங்காவுக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீ சுகமாக இரு.

உன் கடிதத்தை எல்லப்பன் பிரித்துவிட்டான். நல்ல வேளை, 'கோதண்டம் அண்ணன்' என்று வந்த முதல் வரியோடு அவனை வயலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தைக்குப் புரியவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது. இனி எழுதினால் தபாலாபீசில் வைக்கச் சொல்லி எழுது, நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

பாபு இங்கே இல்லை. பிரமை பிடித்தவர்களைத் தெளிய வைக்கிற இடம் என்று ஒரு மண்டபத்துக்கு உன் மாமாவும் அத்தையும் அழைத்துப் போயிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு நாள் இருக்க வேண்டுமாம். என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் காலில் விழுந்தேன். "நீ இருந்தா தெளியாது" என்றார்கள். அங்கே போய் வந்த ஒருத்தி சொன்னாள், ஓடாமல் இருக்கப் பிள்ளையின் காலில் சங்கிலி போட்டுத் தூணில் கட்டியிருக்கிறார்களாம். அவன் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். அழவில்லையாம். அதைக் கேட்டு நான் அழுதேன். அதற்கும், பிள்ளை இருக்கும்போது அழாதவள் இப்போது அழுகிறாள் என்று பேச்சு.

பாசம் இல்லாதவள் என்றால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள். ரத்தத்திலேயே இருக்கிறது என்றால் என்னையே திருப்பி அனுப்புவார்கள். இரண்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் நான்தான் வெளியே போக வேண்டும். அதனால்தான் எதையும் திறக்காமல் இருக்கிறேன்.

தை முடியும்வரை நீ எதையும் கேட்காதே. கேட்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

லீலா


பெங்களூர்
15-11-1978

அக்கா, நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

இனிக் கேட்க மாட்டேன். ஏன் தை என்று எனக்குப் புரியவில்லை. பாபு வீட்டுக்கு வந்ததும் அவன் கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

கங்கா


வல்லக்கோட்டை
19-2-1979

தீர்க்கசுமங்கலியாக இருக்க வேண்டிய என் தங்கை கங்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். புது வீட்டில் தண்ணீர் வசதி உண்டா? கல்யாணச் சாப்பாட்டை மணிமங்கலத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

பாபு கார்த்திகையிலேயே வந்துவிட்டான். கணுக்காலில் புண் ஆறித் தழும்பாகிவிட்டது. பழையபடிதான் இருக்கிறான். என்னைப் பார்த்ததும் "சாப்டியா, சாப்டியா" என்றான். நான் அவனைக் கேட்கிற கேள்வி அது.

உன் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. இனிச் சொல்லலாம். பதினெட்டு வருஷமாக நைனாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

கோதண்டம் அண்ணன் குளத்தில் மூழ்கவில்லை.

அப்போது அண்ணனுக்குப் பதின்மூன்று, எனக்குப் பதினொன்று. நீ சொன்ன மாதிரியேதான் அண்ணன் இருந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும். நுனிக்காலில் நடக்கும். காதுப் பக்கம் கையை உதறிக்கொண்டே இருக்கும். யார் கையும் மேலே படக்கூடாது, என் கையைத் தவிர. என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்ளும். அம்மா செத்த பிறகு அண்ணனைப் பார்த்துக்கொண்டது நான்தான். அந்த வருஷம் நம் அத்தைமகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அண்ணனைப் பார்த்துவிட்டு, "இந்த ரத்தத்துல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று எழுந்து போனார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு உன்னை நம் அத்தையிடம் விட்டுவிட்டு நைனாவும் அண்ணனும் நானும் திருத்தணி போனோம். காவடிக் கூட்டம், மேளம். அண்ணன் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது. நைனா என்னிடம், "நீ வா, அவன் இங்கியே குந்தினு இருக்கட்டும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே புரிந்துவிட்டது, கங்கா. அண்ணன் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்து என் சுண்டுவிரலைப் பிடித்தது. நான் விரலை உருவிக்கொண்டேன். "தண்ணி கொண்ணாறேன்" என்று சொன்னேன். "தண்ணி கொண்ணாறேன், தண்ணி கொண்ணாறேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் ரயிலேறிவிட்டோம்.

வண்டியில் நைனா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு கீறேன்" என்றார். நம் இரண்டு பேர் கல்யாணமும் அந்தப் படிக்கட்டில் முடிவாகிவிட்டது.

பாபு இரண்டு வயதில் நுனிக்காலில் நடந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் என்னைப் பாசமில்லாதவள் என்றபோது நான் மறுத்துப் பேசவில்லை. விரலை உருவிக்கொண்டவள்தானே என்று தோன்றியது. ஆனால் எட்டு மாதமாக யோசிக்கிறேன். அண்ணனுக்குப் பாசம் காட்டியவள் நான். அப்போதும் அது அப்படித்தானே இருந்தது? பாபுவுக்கும் அது பாசக்குறைவால் வந்ததில்லை.

இப்போது டாக்டரம்மாவிடம் சொல். படிவத்தில் அண்ணன் பேரை எழுது. அவர்கள் உன் மாமாவுக்குக் கடிதம் எழுதட்டும். என்னைத் திருப்பி அனுப்பினாலும் பிள்ளையோடு அனுப்புவார்கள், இல்லையா? அது போதும்.

உன் பதிலை எதிர்பார்த்துத் தினமும் தபாலாபீஸ் போவேன்.

லீலா


பெங்களூர்
25-4-1979

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இங்கு நானும் அவரும் நலம். அவருக்கு இந்த மாதம் பகல் ஷிப்ட். வெயில் இந்த வருஷம் இங்கேயும் அதிகம்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு இரண்டு மாதம். படப்பையில் மாமியார் கேள்விப்பட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார்களாம். வாந்திதான் நிற்கவில்லை.

படிவ விஷயம் கொஞ்ச நாள் போகட்டும் அக்கா. டாக்டரம்மாவுக்கு வேலை அதிகம். நீ தவறாக நினைக்கமாட்டாய் என்று தெரியும்.

நைனாவுக்கு என் வணக்கம் சொல்லவும்.

கங்கா


வல்லக்கோட்டை
11-5-1979

பிள்ளைத்தாய்ச்சித் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். வாந்திக்கு நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். கனமான எதையும் தூக்காதே.

உன் கடிதம் சின்னதுதான். ஆனால் புரிந்துகொண்டேன். உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். எழுதாமல் விட்டதை நான் கேட்கமாட்டேன்.

நைனாவிடம் போய் முதல் தடவையாக அண்ணனைப் பற்றிக் கேட்டேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டு முடித்தார். பிறகு, "மூணாம் நாளே திரும்பிப் போனேன்மா. படிக்கட்டுல இல்ல. கட கடயா கேட்டேன். ஒருத்தன் ரயில்ல ஏறுச்சின்றான், ஒருத்தன் போலீசு இட்டுனு போச்சின்றான்" என்றார். வருஷா வருஷம் கிருத்திகைக்கு அவர் போவதைப் பக்தி என்று நாம் நினைத்தோமே, அவர் தேடிக்கொண்டிருக்கிறார். "இப்ப எதிர்ல வந்தா எனக்கு அடையாளம் தெரியுமா லீலா?" என்று என்னைக் கேட்டார்.

இங்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உன் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். நான் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தாள் அரிசிப் பானைக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் அதைத் தூக்கிவிட்டுத்தான் அரிசி எடுக்கிறேன்.

நீ நிம்மதியாக இரு. நல்லபடியாகப் பெற்றெடு.

லீலா


பெங்களூர்
2-9-1979

அக்கா, நலம் கேட்டு எழுதுகிற தகுதியை நான்கு மாதமாக இழந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

போன மாதம் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி பிள்ளையோடு வந்தாள். டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவள் தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லீங்க" என்றாள். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் 'இல்லை' என்று டைப் அடித்தேன். என் விரல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டை எடுப்பதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ணாலத்துக்கு முன்னாடியே இத ஏன் சொல்லல?" என்றார். "எனக்கே தெரியாதுங்க" என்றேன். "எப்ப தெரிஞ்சிது?" "மாசியில." விரல் விட்டு எண்ணினார். "அப்ப ஆறு மாசம்" என்றார்.

நான்கு நாள் கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் வந்து, "உங்க அண்ணனுக்கு இப்ப இன்னா வயசு இருக்கும்?" என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். "என் வயசு" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நம்ம கொழந்தையும் அப்டி வருமா?" என்றார். நான் டாக்டரம்மாவிடம் கேட்டதைச் சொன்னேன். வரலாம், வராமலும் இருக்கலாம். வராத பிள்ளைகள்தான் அதிகம். முன்கூட்டிச் சொல்ல இப்போது வழியில்லை. இனி மூன்று மாதம் இந்தப் பதிலோடுதான் நாங்கள் இருக்க வேண்டும்.

படிவத்தை நானே டைப் அடித்தேன். தாயின் அண்ணன், கோதண்டம், வயது 31. உயிரோடு இருக்கிறாரா என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா தமிழிலேயே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தபாலில் போட எனக்கு மனசில்லை. என் வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வல்லக்கோட்டை வருகிறார். படப்பையில் தெரிந்தால் தெரியட்டும் என்கிறார். சொல்கிறபோது அவர் முகத்தில் தைரியம் இல்லை. ஆனால் வருகிறார். அதுவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய். அதனால் எழுதவில்லை.

கங்கா


வல்லக்கோட்டை
7-10-1979

என் கங்காவுக்கு அக்கா ஆசையோடு எழுதுவது. கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறை. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

மாப்பிள்ளை வந்த அன்று எல்லோரையும் உட்காரவைத்து டாக்டரம்மா கடிதத்தைத் தானே படித்தார். 'இது தாயின் குறையால் வந்தது அல்ல, பிறவியிலேயே உள்ளது, சங்கிலியாலோ தண்டனையாலோ மாறாது, பழக்கினால் பல வேலைகளைக் கற்றுக்கொள்வான்' என்று இருந்தது. அண்ணனைப் பற்றி நான் சொன்னேன். விரலை உருவிக்கொண்டதையும் சொன்னேன்.

அத்தை எழுந்து வாசலுக்குப் போய், "அப்ப உங்க வூட்டு ரத்தமா? தெரிஞ்சே எங்க தலயில கட்டினீங்களா?" என்று கத்தினார்கள். இரண்டு நாளில் ஒரகடம் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள், அந்த வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்காக இல்லை, அவர்களும் ரத்தத்துக்குப் பயந்தவர்கள்தான். எல்லப்பனுக்குப் பேசியிருந்த இடமும் கைவிட்டுப் போனது. அவன் இப்போது என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நைனாவைத் தெருவில் நிற்கவைத்துப் பேசினார்களாம்.

உன் மாமா மூன்று நாள் களத்துமேட்டிலேயே படுத்துக்கொண்டார். நான்காம் நாள் அத்தையின் அறையிலிருந்து பாபுவின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார். "மெட்ராஸ்ல அந்த டாக்டரு அப்டி சொன்னப்போ, நான் ஒரு வார்த்த உன்ன கேட்டிருக்கணும்" என்றார். பெங்களூருக்குப் பிள்ளையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி வெளியே போய்விட்டார். திரும்பக் கேட்பேன்.

என்னை அனுப்பவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் என் உலகம் முன்னைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் பாபு பக்கத்தில் படுக்கிறான். நேற்றுத் தூக்கத்தில் என் கை அவன்மேல் பட்டது. உதறிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஐந்து வருஷமாக அந்த உதறலில் நான் ஒரு தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று, பிள்ளைக்குத் தூக்கம் கலைகிறது என்று மட்டும் நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை அது உன் முகத்தைப் பார்க்காமல், உன் கையை உதறினால், உன்னை அதற்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. உனக்கு நான் சொல்கிறேன்.

பேறுகாலத்துக்கு நான் வர விடுவார்களா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன். விடாவிட்டாலும் தினம் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா
லீலா